சித்தி இடித்த அடுப்பு

தர்ஷிகாவின் நுரையீரலைக் கெடுத்தவள் நான். அவளைக் காப்பாற்ற முயன்ற வைத்தியர் கேட்டபோது பொய் சொன்னவளும் நான்தான்.

முதலிலேயே சொல்லிவிட்டேன்... பிறகு துணிவு வராது!

தர்ஷிகா என் சித்தியின் மூத்த மகள். ஊர் தர்மபுரம். பல்கலைக்கழகம் கிடைத்து அவள் வவுனியாவுக்கு வந்தபோது, ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்த என் வாடகை அறையில்தான் சித்தி அவளைக் கொண்டுவந்து விட்டார்.

"நீ இருக்கிறாய் எண்ட நம்பிக்கையிலதான் பிள்ளை விட்டிட்டுப் போறன்" என்றார்.

வேப் என்ற மின்சிகரெட்டை அவள் கையில் கொடுத்தது நான். தடித்த பேனா போல இருக்கும். மாம்பழ வாசம் வீசும்.

"இது சிகரெட் இல்லையடி, வெறும் ஆவி. ஒண்டும் செய்யாது."

அவள் இழுத்தாள், இருமினாள், சிரித்தாள். நானும் சிரித்தேன். அது ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவுமில்லை!

சில மாதங்களில் அவள் என்னை மிஞ்சிவிட்டாள். படிக்கும்போது, குளியலறையில், போர்வைக்குள்... படியேறினால் மூச்சு வாங்கியது. பிறகு காய்ச்சல், வாந்தி, நெஞ்சுநோ. வெறும் சளி, தடிமன் என்றே நாங்கள் இருவரும் சொல்லிக்கொண்டோம். ஒரு காலையில் அவளுடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். சித்தி அழுதபடி பஸ் ஏறி வந்து சேர்ந்தார்.

எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் இரண்டும் பனிமூட்டம் போல் வெளுத்துக் கிடந்தன. கிருமித்தொற்று என்று எண்ணிக் கொடுத்த மருந்து கேட்கவில்லை. சித்தி பக்கத்தில் நிற்கும்போதே வைத்தியர் என்னிடம் கேட்டார்:

"நீங்கள்தானே கூட இருக்கிறனீங்கள்? இவ சிகரெட், வேப் ஏதும் பாவிக்கிறவவோ? மறைக்காதேங்கோ. அப்பிடியெண்டால் மருந்தை மாத்தவேணும்."

ஒட்சிசன் முகமூடிக்கு மேலே தர்ஷிகாவின் கண்கள் என்னையே பார்த்தன. தலையை மெல்ல அசைத்தாள். சொல்லாதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது... ஊர் என்ன கதைக்கும்? என் படிப்பு என்னாகும்? அந்த நொடியில் என் நினைவு முழுவதும் என்னைப் பற்றியதுதான்!

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை டொக்டர்."

"என்ர பிள்ளையள் அந்தப் பழக்கம் பழகாதுகள் ஐயா" என்று சித்தி என் தோளைப் பற்றிக்கொண்டார். அந்தக் கை எவ்வளவு கனத்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

அடுத்த நாட்களில் அவள் மூச்சு இன்னும் சுருங்கியது. செயற்கைச் சுவாசம் கொடுப்பதற்குச் சற்று முன், தாயை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு, வைத்தியரிடம் அவளே உண்மையைச் சொல்லியிருக்கிறாள். என் பொய் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று கெஞ்சியிருக்கிறாள். யார் கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. மருந்து மாறியது. உயிர் தங்கியது. நுரையீரலில் தழும்பும் தங்கிவிட்டது.

இப்போது அவள் தர்மபுரத்தில். படிப்பு நின்றுபோயிற்று. கிணற்றடிக்குப் போவதற்குள் இடையில் நின்று மூச்சு வாங்குகிறாள்.

"அண்டைக்கு நான் தலையை அசைச்சது, சொல்லு எண்டுதான் அக்கா" என்றாள் ஒருநாள். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்...

சித்தி தன் குசினி அடுப்பின் மேல் பழியைப் போட்டார். "சின்னனிலயிருந்து அவளை அடுப்படியில வச்சிருந்தனான். அந்தப் புகைதான் என்ர பிள்ளையின்ர நெஞ்சை அரிச்சுப்போட்டுது!" இரும்பு அலவாங்கை எடுத்து அடுப்பை இடித்தார். அழுதுகொண்டே இடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குனிந்து, உடைந்த மண்கட்டிகளை ஓலைக் கடகத்தில் அள்ளி வேலியோரம் கொட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் வேப்பை விடவில்லை. விட முயன்றேன், முடியவில்லை! விடியும்போதே இருமலோடு எழுகிறேன். நெஞ்சுக்குள் ஏதோ இழுக்கிறது...

போன கிழமை தர்மபுரம் போயிருந்தேன். தர்ஷிகாவின் தங்கை பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்தாள். சித்தி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"இவளுக்கும் கம்பஸ் கிடைக்கும் போல. வேற ஆரை நம்பி விடுறது? உன்ர அறையிலதான் விடப்போறன். நீதான் பாத்துக்கொள்ளவேணும் பிள்ளை."

தர்ஷிகா கதிரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம் சித்தி" என்றேன்.