காங்கேயம் முதல் நல்லூர் வரை, அப்பா ஓட்டிய வேனில்

1. காலை 6.40. காங்கேயம் பேருந்து நிலையத்திலிருந்து கம்பெனி வேன் புறப்பட்டது. ஓட்டுநர் என் அப்பா.
2. காலை 6.55. சிவன்மலை தாண்டியதும், சைக்கிளில் பால் கொண்டுபோனவரை உரசினோம். கேன் உருண்டது. அவர் சாலையோரப் பள்ளத்தில் குதித்துத் தப்பினார்.
3. காலை 7.30. நல்லூர் சேர்ந்தோம். யாருக்கும் காயமில்லை.

கம்பெனிப் பதிவேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது.

அந்தப் பின்னலாடைக் கம்பெனியில் நான் தரப் பரிசோதகர். வழக்கமாக ஸ்கூட்டியில் போவேன். அன்று அது மெக்கானிக்கிடம் இருந்தது. தூரம் இருபத்திரண்டு கிலோமீட்டர்; பேருந்துக்குக் காத்திருந்தால் ஷிப்டு தவறும். அப்பா பதினோரு வருடமாக ஓட்டும் வேனில் அன்றுதான் முதன்முறையாக ஏறினேன்.

முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினேன்.

"கண்ணு, பின்னால போய் உக்காந்துக்க," என்றார் அப்பா.

"இங்கதான் காத்து வருதுங்கப்பா."

பின்னால் பன்னிரண்டு தையல் பெண்கள். "மயிலக்கா, உன்ற சீட்டு போச்சு!" என்று ஒருத்தி கத்த, வேனே சிரித்தது. மயிலாத்தாள் அக்கா மட்டும் சிரிக்காமல் என் தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

களங்களில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வேகத்தடையையும் நான் பார்ப்பதற்கு முன்பே அப்பா உணர்ந்து வேகத்தைக் குறைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவோ கழுத்தை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்: "எதுக்க லாரிங்கண்ணா. இடது பக்கம் ஆளுங்கண்ணா."

"ஏனுங்க்கா, அப்பாவுக்குத் தெரியாதுங்களா?" என்றேன்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். இரண்டே நிமிடத்தில் கேன் மோதும் சத்தம் கேட்டது.

அப்பா வண்டியை நிறுத்தினார். "எந்தப் பக்கம் கண்ணு? ஆளு எங்க?"

பால்காரர் பத்தடி தூரத்தில், எங்களுக்கு நேர் எதிரே, நனைந்த வேட்டியோடு நின்றார். "கண்ணு என்ன பொடனீலயா இருக்குது?" என்று கத்தினார். அப்பா குரல் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

மயிலாத்தாள் அக்கா முன் சீட்டுக்குப் போனார். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். வண்டி படியூரைத் தாண்டியது. பிறகு பக்கத்தில் இருந்த பெண் மெல்லச் சொன்னாள்: "நாலு மாசமா இப்படித்தானுங்க. கண்ணு நரம்பு வத்திப்போச்சாம், ஆபரேஷனும் ஆகாதாம். அக்காகிட்ட மட்டும் சொன்னாருங்க, அக்கா எங்ககிட்டச் சொன்னாங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க. அண்ணன் வண்டீன்னுதான் எங்கூட்ல வேலைக்கு உடறாங்க."

நல்லூரில் இறங்கியதும் வேனைச் சுற்றி வந்து பரிசோதித்தேன். கண்ணாடி, பிரேக், டயர், விளக்கு. வண்டியில் ஒரு குறையும் இல்லை. வேகத்தடைகளை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

"அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு," என்றார் அப்பா.

அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று மதியம் மேனேஜரிடம் சொன்னேன்.

இப்போது வேறு ஓட்டுநர். பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் வேலைக்கு வருகிறார்கள். தெரியாத ஆள் ஓட்டும் வண்டியில் அனுப்ப மற்ற வீடுகளில் சம்மதமில்லை. மயிலாத்தாள் அக்காவும் வருவதில்லை. அப்பா ஐந்தரைக்கே எழுந்து, குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். என்னோடு பேசுவதில்லை.