கோல் கோட்டில் உடைந்த தேங்காய்

எங்கள் கல்லூரிப் பெண்கள் காற்பந்துக் குழுவுக்கு நான் நிர்வாகி ஆனது விளையாட்டு ஆர்வத்தால் அல்ல. நிர்வாகியைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை, அவ்வளவுதான். வராதவர் தலையில் கட்டிவிடுவது எங்கள் கல்லூரியின் ஜனநாயக மரபு. கணக்கியல் நடத்தும் எனக்கு ஆஃப்சைட் என்றால் என்னவென்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தண்ணீர்ப் போத்தல்களைச் சுமப்பதற்கும் படிவங்களில் கையெழுத்துப் போடுவதற்கும் அது தேவைப்படவில்லை.

குழுவின் உயிர் ஒரே ஒரு பெண். டத்தோ கிராமாட் அடுக்குமாடி ஒன்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள், கடைசி வருட மாணவி. என் வகுப்பில் மேசைமேல் தலை வைத்துத் தூங்குபவள், திடலில் இறங்கினால் வேறு பிறவி எடுப்பாள். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் மூன்று வருடமாக நாங்கள் அரையிறுதியைத் தாண்டியதில்லை. அந்த வருடம் தாண்டினோம். இறுதியாட்டம் முடிந்த மறுவாரமே அவள் ஜொகூரில் தொழிற்பயிற்சிக்குப் போகவேண்டும், அதற்குப் பிறகு பந்து ஏது, திடல் ஏது. வாழ்க்கையில் ஒரே ஒரு இறுதியாட்டம் ஆடிவிடவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. என் பாடத்தில் தேறவேண்டும் என்ற ஆசை நிச்சயமாக இல்லை.

அந்த இறுதியாட்டத்துக்குத்தான் ஒரு தேங்காய் குறுக்கே வந்தது.

குழுச்சுற்றில் பட்டர்வொர்த் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு ஆடினோம். அவர்களுடைய கோல் கீப்பர் மாக் மண்டின் வட்டாரத்துப் பெண். பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளைத் தாண்டிப் பந்து போனதில்லை என்று பேச்சு. எங்கள் பெண் கோல் போட்டாள். போட்டவள் சும்மா திரும்பி வந்திருக்கலாம். ஓடிப்போய் அந்த கோல் கீப்பர் முன்னால் நின்று, இல்லாத தேங்காய் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து, தலைக்குமேல் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கோல் கோட்டில் ஓங்கி அடித்தாள். தைப்பூச ஊர்வலத்தில் ரதத்துக்கு முன்னால் ஊரே செய்வது. எங்கள் பக்கத்து ஆட்கள் விசிலடித்தே களைத்துப்போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். உடனே அந்த அணியில் அத்தனை பேரும் வரிசையாகக் குனிந்து, கைகளை மண்வாரி வண்டியின் வாய் மாதிரி வைத்துக்கொண்டு, உறுமியபடி எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ரதம் போனபின் ரோட்டில் கிடக்கும் சில்லுகளை அள்ளுகிற வண்டி. நீ உடை, நாங்கள் அள்ளுகிறோம் என்று அர்த்தம். உண்மையைச் சொன்னால் அது எங்கள் தேங்காயைவிட நன்றாக இருந்தது. நடுவராக இருந்த மலாய்க்காரப் பையனும் பினாங்கில் பிறந்தவன்தானே, இரண்டையும் பார்த்துச் சிரித்துவிட்டு விசிலை ஊதினான். யாருக்கும் அட்டை காட்டவில்லை.

அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் அந்த அணியின் நிர்வாகிக்குத் தமிழரின் மானம் திடீரென்று நினைவுக்கு வந்துவிட்டது. நாங்கள் இறுதிக்கு வந்ததும், அவர்களும் வந்ததும், அந்த மானம் இன்னும் கொஞ்சம் கூடியது. எதிரணியைச் சீண்டும் கையசைவுக்கு ஓர் ஆட்டத் தடை என்று விதியில் இருப்பதைத் தேடிப்பிடித்து, கைபேசிப் படத்தோடு புகார் கொடுத்தார். கழுத்தை அறுப்பது போல் காட்டுவது, உதட்டில் விரல் வைப்பது, காதில் கை வைப்பது என்று ஒரு நீண்ட பட்டியலே அந்த விதியில் இருந்தது. தேங்காய் அதில் இல்லை. ஆனால் கடைசியில் 'பிற' என்று ஒரு வார்த்தை இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்குள் எதைப் போட்டாலும் கொள்ளும்.

விசாரணைக்குப் போட்டி நடத்திய சங்கத்தார் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் ஒரு சீனத் தௌக்கே, இரும்புச் சாமான் கடை முதலாளி. நான் முந்தின நாளே என் வாதத்தைத் தயார் செய்திருந்தேன். அது சீண்டல் அல்ல, வழிபாடு. அதைத் தண்டித்தால் இந்துக்கள் மனம் புண்படும். இந்த நாட்டில் 'சென்சிட்டிவ்' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் எந்தக் கூட்டமும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அதைத்தான் நம்பியிருந்தேன். உருக்கமாகப் பேசினேன். நானே நம்பிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, தான் இருபது வருடத்துக்கும் மேலாகத் தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைப்பதாக மலாயில் சொன்னார். லாரியில் கொண்டுவந்து கொட்டி, குடும்பத்தோடு உடைப்பாராம். உடைக்கும்போது பார்வை ரதத்தின்மேல் இருக்கவேண்டும், ஆள் நிற்கிற பக்கம் அடிக்கவே கூடாது, மனதில் கோபம் இருக்கக்கூடாது என்று எனக்கு விளக்கினார். பிறகு படத்தை ஓடவிட்டு, ஓர் இடத்தில் விரலால் நிறுத்தி, இந்தப் பெண் சாமியையா பார்க்கிறாள் என்று கேட்டார். அவள் கோல் கீப்பரின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பல்லெல்லாம் தெரிய. என் சமயத்தை ஒரு சீனர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஐந்து நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன்.

மண்வாரிக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். அது மொத்த அணியும் சேர்ந்து செய்தது, அத்தனை பேரையும் தடை செய்தால் இறுதியாட்டமே நடக்காது, ஆகவே அறிவுரை மட்டும் என்றார்கள். தனியாகச் செய்தால் குற்றம், கூட்டமாகச் செய்தால் பண்பாடு.

மனம் புண்பட்டதற்குச் சாட்சியாக அந்த நிர்வாகி தன் கோல் கீப்பரையே அழைத்து வந்திருந்தார். அவளிடம் கேட்டார்கள். அன்றைக்கு உடம்பெல்லாம் எரிந்தது என்றாள். நிர்வாகி பெருமையாகத் தலையாட்டினார். அவமானப்பட்டாயா என்றார்கள். ஆமாம் என்றாள். பிறகு அவளே, இதற்கு என்ன தண்டனை என்று கேட்டாள். தேங்காய் உடைத்தவள் இறுதியாட்டத்தில் ஆடமுடியாது என்று சொன்னார்கள். அப்படியானால் தானும் ஆடவில்லை என்றாள்.

தலைவர் அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து, தடை அவளுக்கு இல்லை, மற்றவளுக்கு மட்டும்தான் என்று மறுபடி சொன்னார். புரிகிறது என்றாள். நிர்வாகி அவள் முழங்கையைப் பிடித்தார். கையை உதறிவிட்டு, அதுவரை மலாயில் பேசியவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பெண்ணைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "என் மேல ஒரு கோல் கடன் வெச்சிட்டு நீ போயிருவ. நீ இல்லாம நான் அங்க நின்னு யாரத் தடுக்கிறதாம்?"

விசாரணைக் குழு கறிபாப் தின்றுகொண்டே யோசித்தது. விதி விதிதான் என்று ஓர் ஆட்டத் தடை விதித்தது. சாட்சியின் கருத்தைக் குறிப்பில் சேர்த்துக்கொண்டதாகவும் சொன்னார்கள். மிக்க மகிழ்ச்சி.

வெளியே எங்கள் பெண் அழவில்லை. மோட்டார் சாவியைத் திருகிக்கொண்டே நின்றாள். "மிஸ், நீங்க சாமி அது இதுன்னு சொல்லாம இருந்திருக்கலாம் லா," என்றாள். "நான் சீண்டத்தான் செஞ்சேன். அவளச் சீண்ட வேற யாருக்குத் தைரியம் இருக்கு?" எனக்குச் சுருக்கென்றது.

இறுதியாட்டத்தன்று கோல் கீப்பர் சொன்னபடியே ஆடாமல், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து, பார்வையாளர் படிக்கட்டில் எங்கள் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிர்வாகி மூன்று தடவை வந்து கெஞ்சினார். அவள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதிலாக நின்ற பெண் பந்தைக் கண்டால் நகர்ந்து வழிவிடுகிற நல்ல பழக்கம் உள்ளவள். நாங்கள் நான்கு கோல் போட்டு ஜெயித்தோம். எங்கள் பெண்கள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அபராதம் கட்ட வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். எங்கள் முதல்வருக்கு மட்டும் ஆனந்தம் தாங்கவில்லை. கோப்பையோடு எல்லாப் படத்திலும் அவர் இருக்கிறார். படத்தில் யார் இல்லை என்று அவர் கேட்கவேயில்லை.

எல்லோரும் பேருந்தில் ஏறினோம். எண்ணிப் பார்த்தேன், ஒரு தலை குறைந்தது. கோப்பையைக் கையில் பிடித்தபடி இறங்கித் தேடிப் போனேன்.

திடலில் இருவரும் வெறுங்காலோடு நின்றார்கள். மாக் மண்டின்காரி கையுறை மட்டும் மாட்டியிருந்தாள். அதைப் பையில் வைத்தே வந்திருக்கிறாள். எங்கள் பெண் பந்தை வைத்து அடித்தாள், அவள் பிடித்தாள். மறுபடி அடித்தாள், இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாள். ஒன்று கம்பத்தில் பட்டது. ஒன்று மட்டும் உள்ளே போனது. அதற்குப் பிறகு எது அடித்தாலும் அவள் கைக்குள்தான் போய் விழுந்தது. திடல் காவலர் கேட்டைப் பூட்டவேண்டும் என்று சத்தம் போட்டார். அவர்கள் காதில் விழவில்லை.

எனக்கு ஆஃப்சைட் தெரியாது, ஆனால் இது புரிந்தது. இருவரும் ஆடியிருந்தால் நாங்கள் தோற்றிருப்போம்.

எங்கள் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். வியர்வையும் மண்ணுமாக முகம் பூராவும் சிரிப்பு. "மிஸ், தோத்துட்டேன்," என்றாள்.