ஜமக்காளம் மடித்த சனிக்கிழமை

அம்மா தம்பியோடு மெட்ராஸிலிருந்து திரும்பியபோது இரண்டு புதிய விஷயங்களைக் கொண்டுவந்தாள். ஒன்று, ஆட்டிசம் என்ற சொல். அதுவரை உத்திரமேரூரில் தம்பிக்குக் காது மந்தம், பேச்சு வரவில்லை, சாமி குத்தம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். இன்னொன்று, அம்மாவின் புதுக் குரல்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுக் காஞ்சிபுரத்தில் ஓர் இன்ஜினியரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். தம்பிக்கு ஒன்பது வயது. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கென்று மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூடம் நடத்திய இரண்டு மாதப் பயிற்சிக்கு அம்மா அவனை அழைத்துக்கொண்டு போய், சின்னம்மா வீட்டில் தங்கிக் கற்றுக்கொண்டாள். அந்த இரண்டு மாதமும் சமையல், மாட்டுக்குத் தண்ணீர், வயலுக்கு நைனாவின் சோறு, பிறகு பஸ், ஆபீஸ் என்ற வரிசையில் என் நாள் ஓடியது.

வந்த மறுநாள் காலையில்தான் அந்தக் குரலைக் கேட்டேன். தம்பிக்குச் சட்டை மாட்டி, மேல் பொத்தான்களை எல்லாம் அம்மாவே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைப் பாதி நுழைத்து நிறுத்தினாள். அவன் அதைப் பிடித்து இழுத்தான். பொத்தான் காஜாவைத் தாண்டி வெளியே வந்தது.

“பொத்தான நீயே போட்ட! ரொம்ப நல்லா போட்ட!”

கைதட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி சொன்னாள். சொன்ன கையோடு கடலை மிட்டாயில் ஒரு துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். தலை வாரிக்கொண்டிருந்த என் சீப்பு பாதியில் நின்றது.

எங்கள் பக்கத்தில் பெற்றவள் தன் பிள்ளையை நேரில் புகழ மாட்டாள். பெத்தவ கண்ணு பொல்லாத கண்ணு என்பார்கள். லட்சணமான பிள்ளையைக் ‘கருவாயா’ என்பாள். தட்டைக் காலி செய்கிற பிள்ளையை ‘எங்க துண்றான்’ என்பாள். நான் டிப்ளமோவில் முதல் வகுப்பில் தேறி, மார்க் ஷீட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது அம்மா சொன்னது: “வந்துட்டியா? கொடத்த எடுத்துக்கினு ஓடு, கொயாவுல தண்ணி நின்னுடப் போவுது.” அதில் எனக்குக் குறை இல்லை. யாருக்கும் கிடைக்காதது எனக்கும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒருவனுக்குக் கிடைத்தது. அந்தக் குரலில் ஒரே ஒரு தடவை என்னிடமும் ஏதாவது சொல்ல வேண்டும் என்ற ஆசை அன்று காலை பிடித்துக்கொண்டது.

அம்மா எங்களுக்கும் பாடம் எடுத்தாள். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்க வேண்டும். கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த சந்தோஷம் அவனுக்கு இருக்கும். முடித்த உடனே, என்ன செய்தானோ அதையே சொல்லிப் பாராட்ட வேண்டும். ‘சமத்து’ என்று பொதுவாகச் சொன்னால் அவனுக்கு விளங்காது.

நான் படித்ததே வேலையை வரிசைப்படுத்துகிற படிப்புதான். அஸ்திவாரம், பேஸ்மட்டம், சுவர், லிண்டல், கூரை. கூரையிலிருந்து வீடு கட்டுகிற முறையை அன்றுதான் கேள்விப்பட்டேன். முறை சரிதான் என்பது உடனே தெரிந்தது. அதனாலேயே எரிச்சல் கூடியது. தம்பிக்கு எல்லோருமாகக் கூரைவரை கட்டிக்கொடுத்துவிட்டு, கடைசி ஓடு ஒன்றை மட்டும் அவன் கையில் தருகிறார்கள். என் அஸ்திவாரக் குழியை நானேதான் தோண்டினேன்.

நைனாவுக்குப் பாராட்ட வரவே இல்லை. தம்பி செருப்பை வாசலில் சரியாக விட்டால் “ம்” என்பார்.

“இன்னாய்யா இது, மாடு ஓட்ற மாரி ம்முனு? வாயத் தொறந்து சொல்லு” என்பாள் அம்மா.

“சொன்னேனே.”

“உனக்கே கேக்கல. அவனுக்கு எங்க கேக்கும்?”

பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். “இன்னாடி, உங்க வூட்ல தெனம் கச்சேரியா? ஒரே கைதட்டலா கீது. உனக்கு எப்போ தட்டுவாங்களாம்?”

“என் கச்சேரி முடிஞ்சிபோச்சு அத்தை” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

சில மாதம் கழித்து, சுற்று வட்டாரத்தில் இப்படி இன்னும் பல பிள்ளைகள் இருப்பது தெரிந்து, அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்த மெட்ராஸ் டீச்சர் மாதம் ஒரு சனிக்கிழமை உத்திரமேரூருக்கே வந்து வகுப்பு நடத்துவதாக ஏற்பாடானது. ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். செய்து காட்டுகிற பொறுப்பு அம்மாவுக்கு. என்னிடம், “நீ வந்து போர்டுல எழுது” என்றாள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஏழெட்டுக் குடும்பங்கள் வந்திருந்தன. அவர்களோடு இரண்டு பால்வாடி டீச்சர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர். படிகளைப் போர்டில் வரிசையாக எழுதினேன். பாராட்டும் இடம் வந்ததும் வகுப்பு நின்றுபோனது. யாரும் தன் பிள்ளையைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. மாகறலிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒருவர் எழுந்தார்.

“கோச்சிக்காதீங்க டீச்சர். பெத்தவங்க வாயால சொன்னா கண்ணு பட்டுடும். ஏற்கனவே பட்டதுனாலதான் கொயந்த இப்டி கீது.”

அதற்குப் பதிலை அம்மாதான் சொன்னாள். “ஏற்கனவே பட்டாச்சில்ல அண்ணே? இனிமே பட்றதுக்கு இன்னா கீது? தைரியமா சொல்லு.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார், ஆனால் சொல்லவில்லை.

“முதல்ல பெரியவங்கள வெச்சுப் பழகலாம்” என்றார் டீச்சர். “யாராவது ஒருத்தர் வாங்க.”

அம்மா சுற்றிப் பார்த்தாள். “ஏய், நீ வா.”

சாக்பீஸை வைத்துவிட்டுப் போனேன். ஒரு சின்ன ஜமக்காளம். அம்மா அதை முறைப்படி முக்கால்வாசி மடித்து, கடைசி மடிப்பை மட்டும் எனக்கு விட்டாள். மடித்தேன்.

“ஜமக்காளத்த நீயே மடிச்ச! மொனையும் மொனையும் சேந்து கீது! ரொம்ப நல்லா மடிச்ச!”

அதே குரல், அதே சிரிப்பு, அதே கைதட்டல். பாடத்துக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காது மடல் சுட்டது.

ஜன்னல் கம்பிகளை விரலால் வருடிக்கொண்டு நின்ற தம்பி அந்தக் குரலைக் கேட்டதும் ஓடிவந்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் நுழைந்து உள்ளங்கையை நீட்டினான். எனக்காக எடுத்த கடலை மிட்டாயை அம்மா அவன் கையில் வைத்துவிட்டாள்.

“அம்மா, தப்பு பண்ணிட்டீங்க” என்றார் டீச்சர். “வேலை செஞ்சது யாரு?”

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அவன் கைய நீட்னான், என் கை தானா பூட்சி.”

“பரவாயில்ல. மறுபடியும் செய்யுங்க.”

ஜமக்காளத்தைப் பிரித்தோம். திரும்பவும் மடித்தேன். திரும்பவும் சொன்னாள். இந்த முறை மிட்டாய் என் கைக்கு வந்தது. தம்பி மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு கத்தினான். நான் டீச்சரைப் பார்த்தேன்.

“நீங்க சாப்பிடுங்க. இப்ப அவனுக்குக் குடுத்தா, அழுதா கிடைக்கும்னு கத்துப்பான்.”

காரணம் சரியாக இருந்தது. ஊரே பார்க்க, அவன் அழ அழ, முழுத் துண்டையும் தின்றேன். பல்லில் ஒட்டியதையும் நாக்கால் துழாவி எடுத்துத் தின்றேன்.

அதற்குப் பிறகு மாகறல்காரர் தானாகவே வாயைத் திறந்தார். அவர் மகள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “டம்ளர கீய வெச்ச. நல்லா வெச்ச” என்றார். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பவில்லை. மற்றவர்கள் அவருக்குக் கைதட்டினார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மகளைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. நாலு வயதுகூட ஆகியிருக்காது.

சாயங்காலம் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். ஜமக்காளத்தை நான் இடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அடுத்த மாசம் நீ வராத” என்றாள் அம்மா. “பால்வாடி டீச்சர் கீறாளே, செவப்பா, அவள நிக்க வெச்சிக்கிறேன்.”

“ஏம்மா?”

“உன்னாண்ட மிட்டாய் குட்த்தா இவன் தாங்க மாட்டேன்றான்.”

“அவங்களுக்கு மொன சேத்து மடிக்கத் தெரியாதும்மா. கிளாஸ் முடிஞ்சி அவங்க மடிக்கும்போது நான் பாத்தேன், கோணலா வருது.”

“தெரியாதவங்களுக்குத்தான் சொல்லணும். உனுக்குத்தான் எல்லாம் தெரியுதே. உனுக்கு இன்னாத்துக்கு?”

எதிரே வந்த டயர் வண்டிக்கு ஒதுங்கி, தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, ராத்திரிக்கு ரசம் போதுமா என்று கேட்டாள்.

அந்தப் பால்வாடி டீச்சர் நல்ல பெண். போர்டு துடைக்க எனக்குத் துணி கொண்டுவந்து கொடுத்தவள். வீடு போய்ச் சேர்வதற்குள் அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

திங்கட்கிழமை ஆபீஸில் அடுத்த மாதச் சனிக்கிழமைக்கு லீவு எழுதி நீட்டினேன்.

“மறுபடியும் சனிக்கிழமையா?” என்றார் இன்ஜினியர். “வீட்ல விசேஷமா?”

“இல்ல சார். அம்மா கிளாஸ் எடுக்கிறாங்க.”

“சரி, அதுக்கு நீ எதுக்கு?”

“மடிக்கிறதுக்கு ஆள் வேணும் சார்” என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.