எதிர்க்கோட்டில் இரண்டாவது குச்சி

சாம்பல் நிறக் கம்பளியை இரண்டு தரம் உதறி மேசையில் விரித்து, சுருக்கம் போகும்வரை உள்ளங்கையால் தடவுகிறார் பஸ்தியாம்பிள்ளை. பிறகு, துணி ஆலையிலிருந்து வந்த நீலச் சோக்குத் துண்டால் இரண்டு கோடுகள். உள்கோடு, தாயக்கட்டை எறிகிறவனோடு நிற்கிறவர்களுக்கு. வெளிக்கோடு, அவனுக்கு எதிராக வைக்கிறவர்களுக்கு; அதற்குப் பேர் எதிர்க்கோடு. டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்துச் சைக்கிள் கடை ஒன்றுக்கு மேலே இருக்கும் அந்த இரண்டறை வீட்டில், சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் நடக்கிற சடங்கு இது.

வயது ஐம்பத்தொன்று. பதினெட்டு வருடம் கிரேக்கக் கப்பல்களில் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டவர். இப்போது ஆலையில் நூல் உருளை தள்ளுகிறார். வலது சுட்டுவிரலில் நகம் இல்லை. கோப்பிக்கு ஐந்து சீனிக்கட்டி போடுவார், கலக்க மாட்டார். "கலக்கினா அடியிலை நம்பிக்கை வைக்க என்ன மிச்சம்?" என்பார்.

இந்த ஆட்டத்தை அவர் துறைமுகச் சூதாட்டச் சாலைகளில் கற்றார். இங்கே பந்தயம் நெருப்புக்குச்சிதான். காசு வைத்தால் சிரிப்புப் போய்விடும் என்பது அவர் கட்சி. முதல் வீச்சில் இரண்டு கட்டையும் சேர்ந்து ஏழோ பதினொன்றோ விழுந்தால் எறிகிறவன் பக்கம் வெற்றி. இரண்டு, மூன்று, பன்னிரண்டு என்றால் தோல்வி. வேறு எது விழுந்தாலும் அதுதான் குறி. ஏழு விழுவதற்கு முன் அந்தக் குறி மறுபடி விழவேண்டும். ஏழு ஆறு விதமாக விழும், நாலு மூன்றே விதமாகத்தான் விழும் என்று விரல் மடித்துக் காட்டுவார்.

"உள்கோட்டிலை வை. குறி விழுந்தாப் பிறகு அதுக்குப் பின்னாலை இன்னும் கொஞ்சம் வை. அந்தப் பின்வைப்பிலை மட்டும் மேசைக்காரனுக்கு ஒரு சதமும் போகாது. நடுவிலை கை வைச்சியோ, துலைஞ்சாய்!"

கூட ஆடுகிறவர்கள் இரண்டு பேர். தவராஜா ஒவ்வொரு சொல்லையும் மனதில் எழுதிக்கொள்வான். ஜீவரட்ணம் எதையும் கேட்கமாட்டான். வாரா வாரம் கோடுகளை விட்டு நடுவில், அடுத்த வீச்சிலேயே பன்னிரண்டு விழும் என்றுதான் வைப்பான்.

"பன்ரண்டு எனக்கு ராசி, அண்ணை."

"உனக்கு ராசிதான். உன்ரை குச்சிக்குத்தான் இல்லை."

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஏழு என்ற சொல் அவர் வாயில் வராது. "அது" என்பார். ஒருநாள் ஜீவரட்ணம் வேண்டுமென்றே உரக்கச் சொன்னபோது எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. யன்னலோரம் நாலாவதாக ஒரு கதிரை; அதில் யாரும் உட்காரக்கூடாது. ஆட்டத்துக்கு முன் எதிர்க்கோட்டில் ஒரு குச்சி வைப்பார். அது அந்தோனிதாசனுக்கு. அந்தோனிதாசன் அவரோடு கப்பலில் இருந்தவன், எப்போதும் எதிராகவே வைக்கிறவன். ஒருநாள் விடியப் பார்த்தால் படுக்கை மடித்தபடி இருக்க, ஆள் மட்டும் கப்பலில் இல்லை.

"செத்தவன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அப்ப அவன்ரை பங்கை வைக்கத்தானே வேணும்?"

அந்தோனிதாசன் வென்ற குச்சிகள் ஒரு பிஸ்கற் தகரப்பெட்டிக்குள் போகும். எந்தச் சனிக்கிழமையும் அவை குறைந்து முடிந்ததில்லை. "எதிர்க்கோட்டிலை ஒரு துளி லாபம் கிடக்குத்தான். ஆனா கணக்குப்படி இவ்வளவு வராது," என்று ஒருமுறை சொல்லிவிட்டு அவரே மூடியை அவசரமாக அமத்தினார்.

அவர் மீறாத விதி இன்னொன்று: குறி விழுந்த பிறகு, வைத்த குச்சியை யாரும் தொடக்கூடாது. "கர்த்தர் வந்து கேட்டாலும் அசைக்கேலாது!"

தவராஜாவின் தம்பி இராசரத்தினம் கார்த்திகை மாதம் ஊரிலிருந்து இந்தியாவுக்குப் படகேறினான். அங்கிருந்து டென்மார்க் வருவதாகத் திட்டம். தை பிறந்தும் தகவலில்லை. "தம்பி உன்னட்டை வந்து சேர்ந்திட்டானோ?" என்று அம்மா கடிதம் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் போகவில்லை. வியாழக்கிழமை, பக்கத்து நகரமான சில்க்போர்க்குக்கு ஊரிலிருந்து புதிதாக ஆட்கள் வந்திருப்பதாகக் கேள்வி. தவராஜாவுக்கு வேலை, அவனுக்காகப் பஸ்தியாம்பிள்ளை பஸ் பிடித்துப் போய் விசாரித்து வந்தார். "ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாதாம்," என்றார். சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை அவர் எதிர்க்கோட்டில் இரண்டு குச்சி வைத்தார்.

தவராஜாவின் கையில் தாயக்கட்டைகள் இருந்தன. "அண்ணை, ரண்டாவது ஆருக்கு?"

"எறி, தம்பி."

எறிந்தான். மூன்றும் ஒன்றும். நாலு. கணக்குத் தெரிந்தவன் எவனும் இப்போது எதிர்க்கோட்டை விட்டு நகரமாட்டான். ஜீவரட்ணம் பன்னிரண்டில் வைக்க மறந்து போயிருந்தான்.

எட்டு. ஐந்து. பத்து. ஒன்பது. நாலும் வரவில்லை, அதுவும் வரவில்லை. ஐந்து மணிகூட ஆகவில்லை, வெளியே இருட்டிவிட்டது. யன்னலடியில் தகரப்பெட்டிக்குள் குச்சிகள் மெல்லச் சரிகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்குக் கிட்ட ஒருவரும் இல்லை.

தவராஜா கட்டைகளைப் பொத்திக்கொண்டான். "சில்க்போர்க்கிலை என்ன சொன்னவை? உண்மையைச் சொல்லுங்கோ."

"படகு ஒண்டு கவிண்டதாம்." பஸ்தியாம்பிள்ளை சோக்குக் கோட்டை விரலால் தடவினார். "கார்த்திகையிலை. ஆர் ஆர் அதிலை இருந்தவை எண்டு தெரியாதாம். பேர் ஒண்டும் இல்லையடா."

"பேர் இல்லாட்டி ஏன் வைச்சனியள்? அவனைக் கொண்டுபோய் ஏன் அந்த மனிசனுக்குப் பக்கத்திலை வைச்சனியள்?"

தவராஜாவின் கண் நிறைந்துவிட்டது. பொத்திய கை திறக்க மறுத்தது. எறிந்தால் அதுதான் விழும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பஸ்தியாம்பிள்ளை யன்னலோரக் கதிரையை ஒருமுறை பார்த்தார். பிறகு நகமில்லாத விரலை நீட்டி, அந்தோனிதாசனின் குச்சி இருந்தபடியே இருக்க, இரண்டாவது குச்சியைக் கோடு தாண்டித் தள்ளிக்கொண்டு வந்து உள்கோட்டிலிருந்த தவராஜாவின் குச்சியோடு சேர்த்தார். தன் முன்னாலிருந்த நெருப்புப்பெட்டியைக் கவிழ்த்து, குச்சி ஒன்றும் மிச்சம் வைக்காமல், எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் அடுக்கினார்.