எண்ணெய்ச் சட்டியும் வரத்து மேளமும்

"ஏல, டின்னத் தட்டாதீய. சும்மா கெடக்க சாமியக் கூப்பிட்டுட்டா, வந்தபெறவு எவன் பதில் சொல்லுவான்?"

காலி எண்ணெய் டின்னில் தாளம் போடும் வாண்டுகளை இப்படிக் கத்தாமல் சீனியம்மாளுக்கு ஒரு நாளும் விடியாது. தாராவியில் முறுக்குப் போடுகிறவர்கள் சந்துக்குச் சந்து உண்டு. ஆனால் சீனியம்மாள் அந்தச் சந்துப் பேச்சியம்மனுக்குச் சாமியாடி. கோயில் திருவிழாவான கொடைக்கு முன்னால் விரதம் இருப்பாள். மீன் கிடையாது, பிற வீட்டில் கை நனைப்பது கிடையாது. கொடையன்று சாமியை அழைக்கிற வரத்து மேளம் அடிப்பார்கள். அடி ஏற ஏற, கொதிக்கும் மஞ்சள் பானையில் இரண்டு கையையும் விட்டு அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வாள். ஒரு கொப்புளம் இருக்காது. விரதம்தான் காவல் என்பாள். நம்பாதவர்களும் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

மருமகள் கலைச்செல்வி மும்பையிலேயே, பாண்டுப்பில் பிறந்து வளர்ந்தவள். மாவு பிசைய, அச்சுப் பிழிய எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பாட்டு வேண்டும். போனில் பாட்டு ஆப், ஆணியில் ஒரு ஸ்பீக்கர். சந்துக்காரர்கள் கொடையில் பாடும் அம்மன் பாட்டெல்லாம் ஆப்பில் எங்கே கிடைக்கும்? புருஷன் மாரீஸ்வரன் போன கொடையை முழுசாகப் பதிந்து வைத்திருந்தான். நம்மிடம் இருக்கும் பாட்டைப் போனில் ஏற்றி, ஆப்பில் ஒரு சுவிட்சைத் தள்ளினால் அதுவும் சேர்ந்து வரும் என்று கண்டுபிடித்தாள். பாட்டுப் பேரெல்லாம் தமிழில் இருந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவே அரை மணி ஆகும். மொத்தத்தையும் ஏற்றிவிட்டாள்.

"இனி நம்ம பாட்டும் இதுலயே வரும் அத்தே."

"எல்லாமுமா ஏத்துன?"

"ஆமா, எல்லாந்தான்."

"வரத்து மேளத்த மட்டும் எடுத்துரு தாயி. மீனுந் தின்னுட்டு, அடுப்பு முன்னால இருக்கவளக் கூப்பிடாண்டாம்."

"வந்தா மாத்திருதேன். டென்ஷன் எடுக்காதீய."

வந்தது. இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில், ஒரு மத்தியானம். நாலு அடிதான். சீனியம்மாளின் தாடை இறுகியது. கையிலிருந்த கரண்டி சட்டி விளிம்பில் அதே தாளத்தைத் தட்டியது. கலைச்செல்வி ஓடிப்போய் மாற்றினாள். அன்றைக்குச் சீனியம்மாள் யாரையும் திட்டவில்லை. மறுநாள் தன் பலகையைச் சட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பாக்கெட் போட வரும் அடுத்த வீட்டு ஃபர்ஸானா விடவில்லை. "பாட்டே வேணாம், பந்த் கர். உன் மாமியார் மூஞ்சியப் பாத்தியா? எனக்கே டர் லகா, பயந்துட்டேன்."

"லிஸ்டுலருந்து தூக்கிட்டேன் பாபி. இனி வராது."

லிஸ்டிலிருந்துதான் தூக்கினாள். பாட்டு போனிலேயே கிடந்தது. சுவிட்சும் தள்ளினபடியே இருந்தது.

கணபதி பண்டிகைக்கு முறுக்கு ஆர்டர் குவியும் நேரம். விடாத மழை. கலைச்செல்வி வாசலில் சாக்கைப் போட்டுத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தாள். நெட் போய்விட்டது. பாட்டு திக்கி நின்றது. பிறகு தானாகவே ஓர் அம்மன் பாட்டு தொடங்கியது. நெட் இல்லையென்றால் ஆப் வேறு எதைப் பாடும்? போனில் இருப்பதைத்தான்.

"நெட் போனாலும் பாடுது பாத்தியளா அத்தே," என்று சிரித்தாள்.

அம்மன் பாட்டு முடிந்தது. தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் அடுத்து வந்தது வாசலுக்குக் கேட்கவில்லை. ஃபர்ஸானா பேச்சை நிறுத்தியதுதான் கேட்டது. கலைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். சீனியம்மாள் எழுந்து நின்றாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. மேளம் ஏறிக்கொண்டிருந்தது. கொடையன்று பானைக்குக் குனிகிற மாதிரியே குனிந்தாள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்குள் இரண்டு கையையும் விட்டாள்.

கத்தவில்லை. மேளம் நிற்கிற வரைக்கும் அவள் கத்தவே இல்லை.

ஃபர்ஸானா ஸ்பீக்கரைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். அப்புறம் வந்த அலறல் சந்து முனை வரைக்கும் கேட்டதாம்.

விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பழையபடி மடங்காது என்கிறார் டாக்டர். இனி அச்சு பிடிக்க முடியாது. சீனியம்மாளுக்கு அது இரண்டாவது கவலை.

"ஏட்டி, அந்தப் பாட்டு வேற யாரு போன்லலாம் கெடக்கு?"

மாரீஸ்வரன் சந்து முழுக்க அனுப்பியிருந்தான். கலைச்செல்வி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "நாங்க எப்பவோ அழிச்சாச்சு," என்றார்கள். எப்படி அழித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? அவளும் அப்படித்தான் அழித்தாள்.

வார்டில் எவர் போனாவது அடித்தால் போதும், சீனியம்மாள் கட்டுப் போட்ட இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறாள். யாருக்கும் புரியவில்லை. தூக்கமே கிடையாது. காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

போய்ப் பாருங்கள். தீக்காய வார்டு, ஜன்னலோரக் கட்டில், சாயங்காலம் உள்ளே விடுவார்கள். ஆரஞ்சு, மாதுளை எல்லாம் வேண்டாம், உரிக்க அவளுக்குக் கை இல்லை. கஞ்சி கொண்டுபோய் ஊட்டிவிடுங்கள். கொஞ்ச நேரம் கூட இருந்து பேசிவிட்டு வாருங்கள். போனை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.