சாமிக்கு வைத்த சந்தனக்கட்டை

சேலத்துக்கு மேலே மலையில், செம்மநத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த பெண். அண்ணனுக்கு அப்போதுதான் மீசை கறுத்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் அப்பா எஸ்டேட்டில் மிளகு பறிக்கையில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தவர், பிறகு எழுந்து நடமாடவில்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருமுறை வந்து, "ஒடம்பப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். எதை வைத்துப் பார்த்துக்கொள்வதாம்? அந்த வருடம் மழையும் ஏமாற்றியது. சாமை கதிர் பிடிக்காமலே காய்ந்தது. அம்மா காட்டுக்கிழங்கைத் தோண்டிவந்து வேகவைப்பாள். தொண்டை அரிக்கும். அரிக்கிறது என்று சொன்னால் முதுகில் ஒன்று விழும்.

எங்கள் மலையில் சந்தனமரம் தானாக முளைக்கும். பறவை எச்சமிட்டுப் போன இடத்திலெல்லாம் வரும். எங்கள் வயல் வரப்பிலேயே ஒன்று நின்றது. ஆனால் நம் நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்கார் மரம். கிளையை ஒடித்தாலும் குற்றம். நிழலுக்கு நிற்கலாம், அவ்வளவுதான்.

காப்பிக்கொட்டை வாங்கக் கீழேயிருந்து வரும் ஒரு வியாபாரி, அண்ணனைத் தோளில் தட்டி, "தம்பி, சுமை தூக்குவியா?" என்று கேட்டார். என்ன சுமை என்று அண்ணனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காட்டுக்குள் வெட்டிப்போட்ட கட்டைகளை ரோட்டோரம் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முதல்நாள் போய்வந்தவன் அரிசி வாங்கிவந்தான். மடியிலிருந்து முழ நீளத்தில் ஒரு கட்டையையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். வீடு முழுக்க மணத்தது.

அம்மா முகர்ந்து பார்த்தாள். "ஏங்கண்ணு, இது சந்தனமாட்ட இருக்குதே?"

"ஆமாம்மா. செதறிக் கெடந்ததுல ஒண்ணு."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு: சாமையோ, மிளகோ, பலாப்பழமோ, வீட்டுக்கு முதலில் வருவது எதுவானாலும் சாமிக்கு வைக்காமல் யாரும் தொடக்கூடாது. அண்ணன் சம்பாதித்து வந்த முதல் நாள் அது. கட்டையை ஈரத்துணியில் சுற்றி அரிசிப்பானைமேல் வைத்தாள். காட்டில் முளைத்ததைச் சாமிக்குக் கொடுப்பதில் அவளுக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

அந்த வாரமே கோயில் நோம்பி, ஊரே கூடும் திருவிழா. அம்மா கட்டையைப் பூசாரி கையில் கொடுத்தாள். அவர் இழைத்துச் சாமிக்குப் பூசி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். சாமி கும்பிட வந்திருந்த காட்டுக் காவலரும் நெற்றியில் இட்டுக்கொண்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனவர் சிரித்த முகமாகவே கேட்டார்: "நொம்ப நல்ல கட்டையாச்சே. யாரு குடுத்தது?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா முன்னே போனாள். அவ்வளவு பூரிப்பாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எம் பையந்தானுங்க. மொத மொதல்ல சம்பாரிச்சது, சாமிக்குன்னு குடுத்தானுங்க."

அண்ணனைக் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். அவன் நெற்றியிலும் அந்தச் சந்தனம் ஈரமாக இருந்தது. வியாபாரி அடுத்த சந்தைக்கும் வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார், காப்பிக்கொட்டையைக் கையில் அள்ளிப்பார்த்து மட்டம் என்று விலையைக் குறைத்தார். அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. சாமிமேலும் எனக்குக் கோபம் உண்டு. கொடுத்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு மணக்க மணக்க உட்கார்ந்திருந்ததே!

 அப்பா படுத்தபடியே, "புள்ளையப் போயிப் பாத்துட்டு வாங்க" என்று அழுதார். அடுப்புச் சாம்பலை அள்ளும்போதும் அம்மா என்னவோ முணுமுணுப்பாள். கிட்டே போய்க் கேட்டால் நிறுத்திக்கொள்வாள். தன் வாயாலேயே பிள்ளையைக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் அவளை அரித்தது. அவன் தன் முகத்தில் விழிப்பானா என்று பயந்தாள்.

ஒருவழியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். ஜெயில் வாசல் வரைக்கும் வந்தவள், உள்ளே வரமாட்டேன் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா முறையில் துணைக்கு வந்திருந்தவளோடு நான் மட்டும் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் மெலிந்து, மொட்டைத்தலையோடு நின்றான். முதல் கேள்வியே, "அம்மா வரலியா?" என்பதுதான்.

வெளியே இருக்கிறாள் என்றேன். அவன் குரலைத் தணித்தான். "கண்ணு, கேசு எழுதுனவங்ககிட்ட, கடையில வாங்குனதுன்னு பொய் சொல்லி நாந்தான் அம்மாகிட்டக் குடுத்தேன்னு சொல்லீட்டேன். இல்லீனா அம்மாவையும் கேசுல சேத்துருப்பாங்க. ஆரு கேட்டாலும் அதையே சொல்லச் சொல்லு. எனக்கு அம்மா மேல கோவமே இல்லீன்னும் சொல்லு."

வெளியே வந்து அப்படியே சொன்னேன். அம்மா சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து நேராக வாசல் காவலரிடம் போனாள்.

"ஏனுங்க, எம் பையன் சொன்னது பொய்யிங்க. அது சந்தனம்னு எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதானுங்க சாமிக்கு வெச்சேன். அவன உட்டுப்போட்டு என்னையப் புடிச்சுக்கங்க."

"நேரமாச்சு, போம்மா" என்றார் அவர்.

அவள் போகவில்லை. உள்ளே போனவர்கள், வெளியே வந்தவர்கள், சாப்பாடு கொண்டுவந்தவர் என்று ஒவ்வொருவரிடமும் கைகூப்பி அதையே சொன்னாள். யாரும் அவளைப் பிடித்துக்கொள்ளவில்லை.