அலுமினியத்துக்கு மூணு கை

கெமிஸ்ட்ரி நடத்துறது ஒண்ணும் கஷ்டமில்லைங்க. நடத்தினது பரீட்சைப் பேப்பர்ல திரும்பி வர்றப்போதான் தலை சுத்தும். சாக்பீஸ் தூள் துன்னு வாழ்ற என் கூட்டாளிங்களுக்கு இது தெரியாததா?

ரெண்டு பேருக்கு ஒண்ணு

புத்தூர்ல டியூஷன் நடத்துறேன். தனலட்சுமின்னு ஒரு பொண்ணு, நகரியிலேர்ந்து ரயிலேறிப் படிக்க வரும். கல்யாணமானவ, பவர்லூம் ஓட்டுறவ. இன்டர்ல, அதான் ப்ளஸ் டூவுல, கெமிஸ்ட்ரி மட்டும் ரெண்டு தடவை போச்சு. இந்தத் தடவை பாஸானா திருப்பதியில லேப் டெக்னீஷியன் படிப்பு, இல்லேன்னா ஆயுசுக்கும் தறிதான்.

சோடியம் ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் குடுத்துட்டு அதோட ஒட்டிக்கும்னு சொன்னேன். ஆக்சிஜன் அணு ரெண்டு சேர்ந்தா குடுக்கல் வாங்கல் கிடையாது, பொதுவுல வெச்சுக்கும். தனலட்சுமி தலையாட்டிச்சு. "எனக்கும் எங்க ஓரகத்திக்கும் ஒரே மிக்ஸி சார். ரெண்டு பேருமே புடிச்சிக்கினு வுடமாட்டோம். அதான் இன்னும் ஒண்ணா கீறோம்."

குறைக்க மனசு வரல

வேலன்சியை மாத்திப் போட்டு ஃபார்முலா எழுதச் சொன்னா, மெக்னீசியம் ஆக்சைடுக்கு Mg₂O₂ன்னு எழுதும். ரெண்டையும் அடிச்சுச் சுருக்கணும்மான்னு எத்தனை தடவை கத்தியிருப்பேன்! தொண்டை போனதுதான் மிச்சம். கடைசியில ஏன்தான் சுருக்க மாட்டேங்கிறேன்னு கேட்டேன். "இழைக் கணக்கை நம்ம இஷ்டத்துக்குக் குறைச்சா சேலை என்னாவும் சார்?"

காணிப்பாக்கம் போலாமா?

மாடல் டெஸ்ட்ல அலுமினியம் சல்பேட். வகுப்பே தடுமாறின கேள்விக்கு தனலட்சுமி மட்டும் Al₂(SO₄)₃ன்னு எழுதியிருந்துச்சு. வழிமுறை ஒரு வரி கூட இல்ல. எனக்குக் கோபம் வந்துடுச்சு. எங்கே பார்த்து எழுதினேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அதுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "வாங்க சார் காணிப்பாக்கம், பிள்ளையார் முன்னாடியே சத்தியம் பண்றேன்"னு எழுந்து நின்னுச்சு.

அங்கே பொய்ச் சத்தியம் பண்ணா பிள்ளையார் சும்மா விடமாட்டாருன்னு பயம்; எங்க பக்கத்துல அந்தச் சத்தியத்தை யாரும் விளையாட்டுக்குச் சொல்ல மாட்டாங்க. சரி, எப்படி எழுதினேன்னு கேட்டேன். பையிலேர்ந்து துண்டு நூலுங்களை எடுத்துச்சு. அலுமினியத்துக்கு மூணு கை, சல்பேட்டுக்கு ரெண்டு கை. கைக்குக் கை முடிச்சு போட்டுக்கினே போச்சு. அலுமினியம் ரெண்டு, சல்பேட் மூணு வந்ததும் ஒரு நூலும் தொங்கல. மொத்தம் ஆறு முடிச்சு.

எனக்கு வெட்கமா போச்சு. தப்பா பேசிட்டேம்மா, சாரின்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். "சாரி இருக்கட்டும் சார், மொதல்ல மார்க்கைப் போடுங்க."

சோடியம் பேசுறேன்

ரிசல்ட் வந்த அன்னிக்கு தனலட்சுமி போன் அடிச்சுது. பாஸ்! எனக்கே பாஸான மாதிரி சந்தோஷம். திருப்பதியில தங்கிப் படிக்கப் போறியே, மிக்ஸி யாருக்கும்மான்னு சீண்டினேன். "ஓரகத்திக்கே குடுத்துட்டேன் சார். இப்போதான் என்னை வுடமாட்டேன்னு கட்டிப் புடிச்சிக்கினு அழுவுறா, குளோரின்!"

இத்தனை வருஷமா போர்டுல நான் போட்ட வட்டமும் புள்ளியும் சாதிக்காததை, ஒரு நூல் துண்டும் ஒரு பழைய மிக்ஸியும் சாதிச்சிடுச்சுன்னு ஒத்துக்கிறேன், ஃபீஸ் மட்டும் எனக்குத்தான்.